உம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை: நாம் மறந்துபோன ஒரு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: இதில் வருகிற பிள்ளை யார் என்று தேடாதீர்கள். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாத மாதிரித்தான் எழுதுகிறேன்.

நான் வரலாறு படிப்பிக்கிற டீச்சர். போன மாதம் தரம் 11 வகுப்பு முடிந்து கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை மட்டும் போகாமல் நின்றாள்.

"டீச்சர், ஒரு கேள்வி. பாடத்தில இல்ல."

"கேளுங்க மகள்."

"எங்கட உம்மாக்கு நான் மாப்பிள்ளை பார்த்தா ஊர் என்ன சொல்லும்?"

முதலில் சிரித்துவிட்டேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்கு 7 வயதாக இருக்கும்போது உம்மாவும் வாப்பாவும் பிரிந்தார்கள். வாப்பா ஒரு வருடத்துக்குள் வேறு கலியாணம் முடித்தார், இப்போது அவருக்கு அங்கே 2 பிள்ளைகள். அதை ஊரில் யாரும் குறையாகச் சொல்லவில்லை. உம்மா 9 வருடமாகத் தையல் மெஷினோடு இருக்கிறார். அதையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை, "பொறுமைசாலி" என்று புகழ்கிறார்கள்.

பிள்ளை சொன்னாள்: "எனக்கு ஒரு கலியாணம் வந்தா உம்மா வீட்டை எனக்கு எழுதுவா. நான் முன்னுக்கு மாப்பிள்ளையோட இருப்பன். உம்மா பின்னுக்குக் குசினியில தனிய இருப்பா. அத நினைச்சா எனக்கு ஏலாம இருக்கு டீச்சர். உம்மா ஆரோடயாவது சிரிச்சுப் பேசி நான் பார்த்ததே இல்ல."

இதைத் தன் உம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கிடைத்த பதில்: "குமர் இருக்கிற வீட்டுக்குள்ள புது ஆம்பிளையா? உனக்கு வெக்கம் இல்லையா?"

என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. "கொஞ்சம் டைம் தாங்க மகள்" என்று அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தது வரலாறுதான். அந்த வழியாகவே தேடினேன். தேடியதை உங்களோடும் பகிர்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி அவள் ஒருத்தியின் கேள்வி இல்லை.

*

முதலில் மதீனா.

நம்முடைய பிள்ளைகள் பாலர் பாடசாலையில் படிக்கிற முதல் ஹதீஸ்களில் ஒன்று சாப்பாட்டு ஒழுக்கம் பற்றியது. பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும், வலது கையால் சாப்பிட வேண்டும், தனக்கு முன்னால் இருப்பதைச் சாப்பிட வேண்டும். எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அதை யாருக்குச் சொன்னார்கள், எந்த வீட்டில் வைத்துச் சொன்னார்கள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

அந்தச் சிறுவனின் பெயர் உமர் இப்னு அபீ ஸலமா (ரழி). வாப்பா அபூ ஸலமா (ரழி) உஹதில் பட்ட காயம் மீண்டும் திறந்து ஹிஜ்ரி 4இல் வபாத்தானார். உம்மா உம்மு ஸலமா (ரழி) கையில் சின்னப் பிள்ளைகளோடு தனித்துப்போனார். இத்தா முடிந்தபின் நபியவர்கள் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். உம்மு ஸலமா தயங்கினார். தனக்கு வயதாகிவிட்டது, தான் ரோஷக்காரி, தனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். இன்றைக்கும் நம்முடைய ஊரில் ஒரு பெண் மறுகலியாணத்துக்குத் தயங்குகிற காரணங்கள் இவைதானே? நபியவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன பதில், அவர்கள் அல்லாஹ்வுடையதும் அவன் தூதருடையதும் பொறுப்பு என்பது.

அந்த வீட்டுச் சகனில் கை அங்குமிங்கும் அலைய உமர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஹதீஸ் பிறந்தது. உம்மாவின் மறுகலியாணத்தோடு கூட வந்த ஒரு பிள்ளைக்கு, உம்மாவின் கணவர் அன்பாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்தப் பிள்ளையின் தங்கை ஸைனப் (ரழி) அதே வீட்டில் வளர்ந்து, பிற்காலத்தில் மதீனாவின் மார்க்க அறிவுள்ள பெண்களில் முன்னணியில் இருந்தார்.

"அவர் விதவை, தலாக்கானவர் இல்லையே" என்று சிலர் கேட்பீர்கள். சரி, தலாக்கானவர்களையும் பார்ப்போம்.

பாத்திமா பின்த் கைஸ் (ரழி). கணவர் தலாக் சொல்லிவிட்டார். இத்தா முடிந்ததும் ஒருவர் இல்லை, இரண்டு பேர் பெண் கேட்டார்கள். அவர் நபியவர்களிடம் போய் ஆலோசனை கேட்டார். நபியவர்கள் அந்த இருவரில் ஒருவர் தோளிலிருந்து தடியைக் கீழே வைக்காதவர், மற்றவர் கையில் ஒன்றும் இல்லாதவர் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, உஸாமா இப்னு ஸைதை (ரழி) முடிக்கச் சொன்னார்கள். பாத்திமாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு முடித்தார். மற்றவர்கள் பொறாமைப்படுகிற அளவுக்கு அந்த வாழ்க்கை நன்றாக இருந்தது என்று அவரே அறிவிக்கிறார். இது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

மஃகில் இப்னு யஸார் (ரழி) என்ற ஸஹாபியின் தங்கையும் தலாக்கானவர்தான். இத்தா முடிந்த பிறகு பழைய கணவரே திரும்ப வந்து பெண் கேட்டார். தங்கைக்கும் விருப்பம். அண்ணனுக்குக் கோபம், முடியாது என்றுவிட்டார். அப்போதுதான் சூரா பகராவின் 232ஆவது வசனம் இறங்கியது. இருவரும் முறைப்படி விரும்பினால் அந்தப் பெண்ணைத் தடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. மஃகில் உடனே பணிந்து தங்கையைக் கலியாணம் முடித்துக் கொடுத்தார். தலாக்கான ஒரு பெண்ணின் விருப்பத்துக்குக் குறுக்கே நின்ற ஒரு அண்ணனைத் திருத்த வஹீ வந்தது. காக்காமாரும் நானாமாரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உம்மு ஸுலைம் (ரழி) கதையையும் சொல்ல வேண்டும். இஸ்லாத்துக்கு வந்ததால் கணவர் மாலிக் கோபித்துக்கொண்டு ஷாமுக்குப் புறப்பட்டுப் போனார், திரும்பி வரவில்லை. மகன் அனஸ் சின்னப் பையன். பிறகு அபூ தல்ஹா பெண் கேட்டார். அவர் அப்போது முஸ்லிம் இல்லை. "நீங்கள் இஸ்லாத்தை ஏற்பதே என் மஹர்" என்ற கருத்தில் உம்மு ஸுலைம் பதில் சொன்னார், அவரும் ஏற்றார். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அனஸின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், இவன் கெட்டிக்காரப் பையன், உங்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்று ஒப்படைத்தவர் அபூ தல்ஹா என்று புகாரியில் ஒரு அறிவிப்பு வருகிறது. 2000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை நமக்குத் தந்த அனஸ் (ரழி) அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போனது ஒரு சிறிய தகப்பன்.

அந்தச் சமூகத்தில் மறுகலியாணம் விசேஷமான புரட்சி ஒன்றும் இல்லை. இத்தா முடிந்தால் பெண் கேட்டு வருவார்கள், அவ்வளவுதான். அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) ஜஃபர், அபூபக்கர், அலி (ரழி) ஆகிய மூவரையும் ஒருவர் பின் ஒருவராக முடித்தார். அபூபக்கரின் மகன் முஹம்மத் அலியின் வீட்டில்தான் வளர்ந்தார்.

*

இனி நம்முடைய வாவிக்கரைக்கு வருவோம்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில்தான் எங்கள் பகுதிச் சமூக அமைப்பைப் பற்றி முதல்முதலாக ஒழுங்காக வாசித்தேன். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வைத் தொடங்கியவர். கிழக்குக் கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றிய அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. நாம் தினமும் வாழ்கிற விஷயத்தை ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி வாசிக்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது.

உலகத்தில் பெரும்பாலான முஸ்லிம் சமூகங்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். நம்முடைய பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். நாம் 'குடி' என்று சொல்வது தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. பள்ளிவாசலில் மரைக்கார்மாரைக் குடிக்கு ஒருவராகத் தெரிவு செய்த வழக்கம் உங்கள் மூத்தப்பாமாருக்கு நன்றாகத் தெரியும். இதே தாய்வழி முறை அயலில் இருக்கிற தமிழ் மக்களிடமும் இருக்கிறது. மட்டக்களப்பு முக்குவர் சட்டம் என்று கிறிஸ்தோப்பர் பிரிட்டோ 1876இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்கு முஸ்லிம்கள் உதவினார்கள், அதற்காகப் பெண் கொடுத்து இங்கே குடியேற்றினார்கள் என்ற கதையை எறாவூர்ப் பக்கத்து வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு சரியோ, உறவு உண்மையானது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தாய்வழி முறையை இரண்டு சமூகமும் பகிர்ந்துதான் வாழ்ந்தோம்.

இதற்கும் மறுகலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

வீடு பெண்ணுடையது. கலியாணம் முறிந்தால் வெளியே போகிறவர் ஆண். உம்மாவும் பிள்ளைகளும் அதே வளவில், உம்மம்மாவும் சாச்சிமாரும் சூழ இருப்பார்கள். அவள் திரும்பக் கலியாணம் முடித்தாலும் எங்கேயும் போகத் தேவையில்லை. புது மாப்பிள்ளைதான் வருவார். பிள்ளைகளின் குடி மாறாது, வீடு மாறாது, பள்ளிக்கூடம் மாறாது. தகப்பன் வழிச் சமூகங்களில் மறுமணம் முடிக்கிற தாய் பல நேரங்களில் பிள்ளைகளை முதல் கணவர் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்தக் கொடுமை இருக்கவில்லை.

வடக்கில் வழக்கம் வேறு. ஆனாலும் 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில்கூட, தாயோ தகப்பனோ மறுமணம் செய்தால் முதல் கலியாணத்துப் பிள்ளைகளின் சொத்து என்னாகும் என்பதற்கு விதிகள் இருக்கின்றன. நடக்காத ஒன்றுக்கு யாரும் விதி எழுத மாட்டார்கள். வங்காளத்தில் ஈஸ்வர சந்திர வித்தியாசாகர் பாடுபட்டு, 1856இல்தான் இந்து விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று ஆங்கிலேய அரசு சட்டம் போட்டது. நமக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவே இல்லை. தடையே இல்லாத இடத்தில் சட்டம் எதற்கு?

என் சொந்த வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் உம்மம்மா இரண்டு கலியாணம் முடித்தவர். முதல் கணவரோடு ஒத்துவரவில்லை, ஒரு பிள்ளையோடு தனியானார். இரண்டு வருடம் கழித்து, வாவியில் தோணியும் வலையும் வைத்திருந்த ஒருவர் பெண் கேட்டு வந்தார். உம்மம்மாவின் வாப்பாவே முன்னின்று காவின் எழுதி வைத்தார். என் உம்மா அந்த இரண்டாவது கலியாணத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் ஊர் "வெக்கம் இல்லையா" என்று கேட்டிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இல்லை.

பெரியம்மா, அதாவது முதல் கலியாணத்துப் பிள்ளை, கடைசி வரைக்கும் என் மூத்தப்பாவை "வாப்பா" என்றுதான் கூப்பிட்டார். அவர் மௌத்தானபோது அதிகமாக அழுததும் பெரியம்மாதான்.

*

அப்படியானால் எங்கே மாறினோம்?

இது என் எண்ணம், பிழையென்றால் திருத்துங்கள்.

ஒன்று, சீதன வீடு. கிடுகு வீடும் மண் வீடும் இருந்த காலத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் இன்னொன்றைக் கட்டிக்கொள்ளலாம். இப்போது காணி இல்லை. கல் வீடு கட்ட ஒரு ஆயுள் உழைப்பு வேண்டும். ஆக, தலாக்கான உம்மாவின் வீடு மகளின் சீதனமாகத்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அவள் கலியாணம் முடித்தால் "மகளின் வீட்டுக்குள் வேறு ஆள்" என்ற பேச்சு வருகிறது. அவளை அவளுடைய சொந்த வீட்டிலேயே காவல்காரி ஆக்கிவிட்டோம்.

இரண்டு, வருகிற சம்பந்தங்களின் தரம். தலாக்கான பெண் என்றால் தரகர் கொண்டுவருவது பெரும்பாலும் ஏற்கெனவே மனைவி இருக்கிற ஆளைத்தான். ஒளித்து முடிக்க வேண்டும், செலவும் கேட்கக்கூடாது. இதைப் பார்த்த பெண்கள் "தனியே இருப்பதே மேல்" என்று நினைப்பதில் என்ன பிழை?

மூன்று, 1990. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். ஒரே மாதத்தில் எத்தனையோ இளம் பெண்கள் விதவையானார்கள். அந்தத் துயரத்தைச் சுமந்து பிள்ளைகளை வளர்த்த அந்த உம்மாமாருக்கு நாம் எவ்வளவு மரியாதை செய்தாலும் போதாது. ஆனால் அந்த மரியாதை மெல்ல மெல்ல ஒரு அளவுகோலாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தனியே இருந்து பிள்ளை வளர்த்தவள் நல்ல பெண். அப்படியானால் மறுகலியாணம் முடித்தவள்? அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, பார்வையில் கேட்கிறோம்.

*

அந்தப் பிள்ளையின் உம்மம்மா சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் முழுக்கப் பொய் இல்லை.

மார்க்கச் சட்டப்படி, உம்மா நிக்காஹ் முடித்து அந்த மனிதரோடு வாழத் தொடங்கிவிட்டால், மகள் அவருக்கு என்றைக்கும் ஹராம். சூரா நிஸாவின் 23ஆவது வசனம் அதைச் சொல்கிறது. அவர் மஹ்ரம், தகப்பன் இடத்தில் இருப்பவர். ஆனால் சட்டம் சொல்வதால் மட்டும் ஒரு மனிதன் நல்லவனாகிவிட மாட்டான். ஆகவே விசாரிக்க வேண்டும், நன்றாக விசாரிக்க வேண்டும். நபியவர்களே பாத்திமா பின்த் கைஸுக்காக மாப்பிள்ளைகளின் குறையை வெளிப்படையாகச் சொன்னார்கள் என்றால், நாம் எதற்கு மூடி மறைக்க வேண்டும்? முதல் கலியாணத்துக்கு மாப்பிள்ளையின் சம்பளம் வரைக்கும் விசாரிக்கிற நாம், மறுகலியாணம் என்றால் "கிடைத்ததே போதும்" என்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பயம், கலியாணம் முடித்தால் பிள்ளை கையைவிட்டுப் போய்விடும் என்பது. மறுகலியாணம் முடித்த தாயின் பராமரிப்பு உரிமை பற்றி பிக்ஹில் கருத்துகள் இருக்கின்றன, உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் ஹம்ஸா (ரழி) அவர்களின் மகளை யார் வளர்ப்பது என்று பிரச்சினை வந்தபோது, நபியவர்கள் கலியாணம் முடித்திருந்த சாச்சியிடம்தான் ஒப்படைத்தார்கள். அந்தச் சாச்சி மேலே சொன்ன அதே அஸ்மா (ரழி). நம் நாட்டில் பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது காதி நீதிமன்றம் இல்லை, மாவட்ட நீதிமன்றம். அங்கே பிள்ளையின் நலனைப் பார்ப்பார்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1806ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் தொடங்கி, 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வழியாக வந்து, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் நிற்கிறோம். அதைத் திருத்துவது பற்றிய வாதங்களுக்குள் இந்தப் பதிவில் நான் போகவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். முதல் கலியாணத்தில் கொடுத்த கைக்கூலியைத் திருப்பிக் கேட்கிற உரிமை அந்தச் சட்டத்திலேயே பெண்ணுக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அடுத்தது, ஏற்கெனவே கலியாணம் முடித்த பெண்ணின் சம்மதம் வாயால் சொல்லப்பட வேண்டும், மௌனம் போதாது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணான கன்ஸா பின்த் கிதாமை (ரழி) அவர் விருப்பமில்லாமல் வாப்பா கலியாணம் முடித்துவைத்தபோது, நபியவர்கள் அந்த நிக்காஹை ரத்துச் செய்தார்கள்.

*

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் பிள்ளையிடம் முதலில் சொன்னேன்.

"மகள், உங்கட ஆசையில ஒரு பிழையும் இல்ல. ஆனா அது உங்கட ஆசை. உம்மாட ஆசை என்னெண்டு கேட்டீங்களா?"

பரீரா (ரழி) என்ற பெண் தன் கணவர் முகீதைப் பிரிந்தபோது, முகீத் அழுதுகொண்டே மதீனாத் தெருக்களில் அவருக்குப் பின்னால் திரிந்தார். நபியவர்கள் இரக்கப்பட்டுப் பரீராவிடம் பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, சிபாரிசுதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. நபியவர்கள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஒரு பெண்ணின் மனம் அவளுடையது. கலியாணம் முடிக்காதே என்று சொல்ல ஊருக்கு உரிமை இல்லாத மாதிரியே, முடித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்ல மகளுக்கும் உரிமை இல்லை.

பிள்ளை யோசித்தாள். "நான் கேட்கவே இல்ல டீச்சர். எல்லாத்தையும் நானே நினைச்சிட்டன்" என்றாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பெற்றோர் கூட்டம். உம்மா வந்திருந்தார். புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்தோம். எழும்பும்போது மெல்லக் கேட்டார்: "டீச்சர், இவள் உங்களிட்டயும் சொல்லிட்டாளா?"

"ஓம்" என்றேன்.

"முதல் இவள் ஓ.எல். எழுதட்டும்" என்றார். பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற பிள்ளை உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உம்மா சிரிப்பதை அவள் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அது அவர்களுடைய விஷயம். நம்முடைய விஷயம் வேறு. உங்கள் குடும்பத்தில் தனித்திருக்கிற ஒரு தங்கை, ஒரு சாச்சி, ஒரு உம்மா இருந்தால், அவரிடம் ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் முதல் கலியாணத்துக்கு ஓடியது போலவே ஓடுங்கள்: பள்ளிவாசலில் பகிரங்கமாக, நல்ல மஹரோடு, வலீமாவோடு. ஒளித்து இல்லை.

பிள்ளைக்கும் உம்மாவுக்கும் துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் என் உம்மம்மாவைப் போல ஒருவரின் கதை இருந்தால் கீழே எழுதுங்கள். இவையெல்லாம் எழுதப்படாத நம் ஊர் வரலாறு. நாம் எழுதாவிட்டால் நம் பிள்ளைகள் "அப்படி ஒரு வழக்கம் இருக்கவே இல்லை" என்று நம்பிவிடுவார்கள்.